கொல்லையில் தொடங்கட்டும் போகி

கேள்வி: போகிக்கு வீட்டுக்குள் ஒட்டடை அடித்து முடிப்பதற்குள்ளேயே இடுப்பு விட்டுப்போகிறது. கொல்லையையும் மொட்டை மாடியையும் பொங்கல் கழிந்து பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: ஒட்டடை காத்திருக்கும், கொசு காத்திருக்காது! வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு வருவது போகி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொட்டாங்கச்சித் தண்ணீரே சமுத்திரம். முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். அதனால் இந்த வருஷம் வெளியே தொடங்குங்கள். பூந்தொட்டித் தட்டு, மூடி உடைந்த டிரம், மூலையில் கிடக்கும் டயர் எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும்.

மாடிப் பாசியை வெயிலில் நன்றாகக் காய்ந்தபின் சுரண்டுங்கள். ஈரத்தில் வழுக்கினால் இடுப்பு நிஜமாகவே போய்விடும். மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்த சருகு, தென்னைக்கு நல்ல மூடாக்கு. அந்த டயரை மட்டும் போகித் தீயில் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். விடியற்காலைப் பனியில் அந்தப் புகை மேலே போகாது. தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும்.