மலை ஏரியில் ஒரு மௌன விரதம்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் தமக்கையார் இந்த ஜெர்மன் தேசத்தில் வந்து இறங்கிய நாள் முதலாக, “ஊரா இது? மனுஷ சப்தமே காணோமே!” என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தபடியால், ம்யூனிக்கிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் கோனிக்ஸே என்னும் மலை ஏரிக்குக் குடும்ப சகிதம் போய்வந்தோம். சப்தத்தை நாடிப் புறப்பட்ட நாங்கள், நூறு வருஷங்களுக்கு மேலாக மௌனத்தைப் பொக்கிஷம் மாதிரி காத்துவரும் இடத்துக்கே போய்ச் சேர்ந்ததுதான் வேடிக்கை.

பவேரியாவின் தென்கிழக்குக் கோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமும் 190 மீட்டர் ஆழமுமாகக் கிடக்கிறது இந்த ஏரி. இரு புறமும் பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கிவிடுவதால் கரையோரமாக நடந்து மறுகோடிக்குப் போக வழி கிடையாது, படகே கதி. அந்தப் படகுகளும் 1909 முதல் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அக்காலத்தில் பவேரியாவை ஆண்ட லூயிட்போல்டு, இயந்திர இரைச்சலால் தாம் வேட்டையாடும் மிருகங்கள் மிரண்டு ஓடிவிடலாகாது என்று நினைத்ததே அதற்குக் காரணம் என்று சொல்கிறார்கள். தாம் கொல்லப்போகிற மான்களின் மன நிம்மதியில் இத்தனை அக்கறை கொண்ட ஆட்சியாளரைப் பற்றி நான் புராணத்தில்கூடக் கேட்டதில்லை.

நடு ஏரியில், ஒரு பெரும் பாறைச் சுவருக்கு எதிரே, படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். உறையிலிருந்து ட்ரம்பெட்டை எடுத்து, பக்கத்துக் கதவைத் திறந்து, வாசற்படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, நாலைந்து ஸ்வரங்களை நிதானமாக ஊதிவிட்டு நிறுத்தினார். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றுமில்லை. பிறகு பாறையானது அவற்றையே அபஸ்வரம் தட்டாமல் திருப்பி வாசித்தது. அம்மா கச்சேரிப் பழக்கத்தில் “பேஷ்!” என்று உரக்கச் சொல்லிவிட, படகு முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. மலைக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் வாசிக்கிற கூட்டாளிக்கும் பாதிப் பங்கு போகவேண்டும் என்று, சிரிப்பின் ரேகையே இல்லாமல் சொல்லிக்கொண்டு படகோட்டி தொப்பியை நீட்டினார். அதை நான் தமிழில் சொன்னதும், “பாவம், பக்கவாத்தியக்காரருக்கு முதலில் கொடுடா” என்று அம்மா உத்தரவிட்டாள்.

செந்நிறக் கும்மட்டங்களோடு நீரோரம் நிற்கும் பார்த்தலோமேயு கோயிலுக்கு மேலே, 2713 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது வாட்ஸ்மன் என்னும் மலை. குடியானவர்களைக் குதிரைக் குளம்பில் மிதித்துக் கொன்ற கொடுங்கோல் ராஜா ஒருவன், சாபத்தால் மனைவி மக்களோடு கல்லாகி நிற்பதாக ஐதிகம். பெரிய சிகரம் ராஜா, சிறியது ராணி, இடையில் தெரிபவை குழந்தைகள். “அப்பன் செய்த பாவத்துக்குக் குழந்தைகள் என்ன செய்யும்?” என்று நியாயம் பேசிய அம்மாவே, பேரன் படகில் எழுந்து நின்றபோது, “உட்காருகிறாயா, அங்கே போய் இன்னொரு கல்லாக நிற்கிறாயா?” என்று அந்தச் சாபத்தையே எடுத்து ஆண்டாள்.

ஏரியின் மறுகோடியாகிய சாலெட்டில் இறங்கிக் கால் மணி நடந்தால் ஓபர்ஸே என்னும் இரண்டாவது ஏரி. அங்கே அம்மா கங்கை முதலான நதிகளையெல்லாம் ஆவாகனம் செய்து, பனி உருகிய அந்த ஜலத்தைத் தலையில் புரோக்ஷித்துக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகியபடி, பாறையில் வெட்டிய படிகளில் இரும்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினாள். ம்யூனிக்கில் லிஃப்டில் வருஷக்கணக்காய் வாய் திறவாத இந்த ஜனங்கள், மலைப்பாதையில் எதிர்ப்பட்ட மாத்திரத்தில் முகமன் கூறுகிறார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் நின்று, கைகூப்பி, குசலம் விசாரித்ததில், முக்கால் மணி நேரத்துப் பாதை ஒன்றரை மணி நேரமாயிற்று.

ஓபர்ஸேயின் மறுகோடியில் ஃபிஷுங்கல் என்னும் மேய்ச்சல் குடிலில் பாலும் பாலாடைக்கட்டியும் தருகிறார்கள். தூரத்தில் 470 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்த்தவாறு புளியோதரையைத் தீர்த்த பின்பு, கழுத்து மணியோடு மேய்ந்த பசுவை நேரில் பரிசோதித்துவிட்டே அம்மா பாலைக் குடித்தாள். இலையுதிர் காலத்தில் இந்த மாடுகளைத் தட்டைப் படகில் ஏற்றி ஊர் திருப்புவார்கள் என்றும், கோடையில் மந்தைக்கு ஒரு விபத்தும் நேராதிருந்தால்தான் அவற்றின் தலையில் வர்ணக் கிரீடம் ஏறும் என்றும் சொன்னேன். “நம் மாட்டுப் பொங்கல்தானே! மாட்டுக்கும் டிக்கெட் உண்டோ?” என்றாள்.

இவ்வளவுக்கும் பிறகு, “இந்த ஊர்க்காரர்களுக்குப் பேசத் தெரியும், மலைமேல்தான் பேசுவார்கள்” என்பது அம்மாவின் தீர்ப்பு. தங்கள் முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லவேண்டாம். பார்த்தலோமேயு கோயிலுக்கு ஒரு படிகூட ஏறவேண்டியதில்லை, படகே வாசலில் இறக்கிவிடும். சாலெட் வரையில் கோடையில் மட்டுமே படகு போகிறபடியால், விசாவுக்கு இப்போதே மனுப் போடவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமான்