ஒட்டுப்போர்வையின் நிறத் தேர்வு: மதுரை வீடு ஒன்றின் ஹாலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழைய சேலைகளை அடுக்கி, மேல்முகத்தில் துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு வீட்டில் தைக்கும் போர்வையில், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்பதை யார், எதைக்கொண்டு தீர்மானிக்கிறார்கள்? இந்த வினாவை எழுப்பும்படி இவ்வாய்வாளரை எவரும் கேட்டுக்கொள்ளவில்லை. விடுமுறை நாளில் ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் போனதே ஆய்வின் தோற்றுவாய். ரசனைதான் தீர்மானிக்கிறது என்பது பொதுவான எண்ணம். திரட்டிய சான்றுகளோ பீரோவைக் கைகாட்டுகின்றன.

முன்னோர் ஆய்வுகள்

எகிப்தின் அபிடோஸில் 1903இல் தோண்டியெடுத்த சிறிய தந்தச் சிற்பம் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசர் ஒருவர் தைத்த போர்வை போன்ற மேலாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறார். தந்தம் என்பதால் போர்வையின் நிறம் தெரியாமல் போனது நம் துறைக்குப் பேரிழப்பு. 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைத்த டிரிஸ்டன் போர்வையில் ஒரு காதல் கதையே இருக்கிறது. ஆனால் வெறும் லினன் துணி, ஒட்டு கிடையாது. அந்த வீட்டில் நிறத்துக்காகச் சண்டை வந்திருக்க வழியில்லை என்பதால் அதை ஆய்வு வரம்பிலிருந்து நீக்குகிறோம்.

நமக்கு நெருக்கமான முன்னோடிகள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் இருந்தார்கள். கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் தேய்ந்த முழங்கால் துணிகளையும் வெட்டித் தைத்தார்கள். அந்தப் போர்வைகள் பின்னாளில் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கின, 2006இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் ஏறின. மகாராஷ்டிரத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கவுதி, வங்கத்தின் காந்தா எல்லாமே பழைய சேலையில் பிறந்தவை. வீட்டில் என்ன இருந்ததோ அதுதான் நிறம் என்பதில் இவர்கள் எல்லோரும் ஒன்று. ‘வீட்டில் என்ன இருந்தது’ என்பதற்குள் எத்தனை வழக்கு நடந்திருக்கும் என்பதைத்தான் எவரும் ஆராயவில்லை.

களமும் தகவலாளர்களும்

சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் போர்வை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மதுரையில் தைக்கும் போர்வையை மதுரையில் பெரும்பாலும் விரித்துத்தான் படுக்கிறார்கள். போர்த்திக்கொள்ளும் வாய்ப்பு வெளியூர் போனவர்களுக்கே கிட்டுகிறது. இங்கே ஆராயப்படும் போர்வை பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கானது. மூத்த தகவலாளர் என் தாயார். ஓட்டுத் தையலில் அவருக்கு நிகர் தெருவில் இல்லை. இளைய தகவலாளர் என் மனைவி, தையல் மெஷின் அவர் பொறுப்பு. இவ்வாய்வாளரின் பங்கு ஊசியில் நூல் கோர்ப்பது, கூப்பிட்டபோது கருத்துச் சொல்வது, சொன்ன கருத்தைத் திரும்பப் பெறுவது.

மகளிடமிருந்து வந்த கோரிக்கை ஒன்றே ஒன்று. “அப்பத்தா, எனக்குப் பேஸ்டல் கலர்ல வேணும்.”

பேஸ்டல் என்றால் என்ன என்பதை இளைய தகவலாளர் போனில் படம் காட்டி விளக்கினார். மூத்த தகவலாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “வெளுத்துப் போனதைக் கேக்குறா. அதுக்கென்ன, நம்மகிட்ட நெறைய கெடக்கே.”

மூலப்பொருள்

இங்கே ஆய்வு சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. பருத்திச் சேலை ஒன்று போர்வைக்குத் தகுதி பெறும் வயது மிகக் குறுகியது. புதிதில் அது விறைப்பாக இருக்கும். பல வருடம் துவைத்து, கஞ்சியெல்லாம் இறங்கி, நூல் பஞ்சாக நெகிழ்ந்து, ஆனால் இழுத்தால் கிழியாத ஒரு பருவம் வரும். அதே பருவத்தில்தான் வேறு பலரும் அதன்மேல் கண் வைக்கிறார்கள். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தூளி கட்ட அது வேண்டும். மொட்டை மாடியில் ஜவ்வரிசி வத்தல் ஊற்ற அது வேண்டும். இஸ்திரி போடும் மேசைக்கு விரிப்பு வேண்டும். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவரின் குரல் தெருமுனையில் கேட்டால் ஒரு நடுத்தரக் குண்டானாகவும் அது மாறக்கூடும். இவை எல்லாவற்றிலும் தப்பித்தால் போர்வை. தவறினால் கரித்துணி.

பட்டுச் சேலை இந்தப் போட்டியிலேயே இல்லை. ஜரிகைக்காக அதை எடை போட்டு வாங்கிக்கொள்ள ஆள் வருவார். பாலியஸ்டர் எவ்வளவு துவைத்தாலும் நிறம் மாறாமல் பளபளவென்று இருக்கும். போர்வைக்காரர்களின் கண்ணில் அது பெரிய குறை. வியர்வையை உறிஞ்சாது, ஊசிக்கு அடியில் நழுவும், இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் சுருங்கிவிடும்.

பருத்தியா இல்லையா என்று கண்டறிய எங்கள் வீட்டில் ஆய்வுக்கூடம் உண்டு. அது கேஸ் அடுப்பு. கடைக்காரர் ‘சுத்த காட்டன்’ என்று சத்தியம் செய்து கொடுத்த துணியின் ஓரத்திலிருந்து மூத்த தகவலாளர் ஒரே ஒரு இழையை உருவினார். இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினார். பருத்தியாக இருந்தால் காகிதம் மாதிரி எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பல் ஆக வேண்டும். பட்டாக இருந்தால் முடி கருகும் வாடை வரும். இந்த இழையோ நெருப்பைப் பார்த்ததும் பின்வாங்கி, நுனியில் கறுப்பாக ஒரு மணியாகத் திரண்டது. அவர் அதை நகத்தால் நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. “பாத்தியா காட்டன” என்றார். அந்தத் துணி இப்போது மிக்ஸிக்கு உறையாக இருக்கிறது.

மறுப்பு மனுக்கள்

ஒட்டுப்போர்வை என்பது குடும்பத்தின் நினைவுப் பெட்டகம், ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் ஒரு கதை என்று எழுதாத பத்திரிகை இல்லை. எங்கள் சான்று இதற்கு நேர் எதிர். பீரோவைத் திறந்ததும் நடந்ததைக் குறிப்பேட்டிலிருந்து தருகிறேன். மாம்பழ மஞ்சள்: வளைகாப்புக்குக் கட்டியது, தர முடியாது. மயில் கழுத்து நிறம்: தம்பி முதல் சம்பளத்தில் எடுத்தது, தொடக்கூடாது. அரக்குக் கண்டாங்கி: அப்பா உயிரோடிருந்தபோது காரைக்குடியிலிருந்து வாங்கி வந்தது, “அதைப் பத்திப் பேசவே பேசாத.” கிளிப்பச்சை: நாத்தனார் கொடுத்தது. யாருக்கும் பிடிக்காது, ஆனால் அடுத்த முறை வரும்போது “அந்தப் பச்சையக் கட்டவே இல்லையா அண்ணி?” என்று நிச்சயம் கேட்பார். ஆகவே அதற்கும் பாதுகாப்பு உண்டு.

கதை உள்ள சேலைகள் எல்லாம் இப்படி ஜாமீனில் வெளியே போய்விட்டன. கதை இல்லாதவை மட்டும் தரையில் கிடந்தன. ஏதோ ஒரு தள்ளுபடியில் எடுத்தது, யார் கொடுத்தது என்றே மறந்துபோனது, நிறம் பிடிக்காமல் வீட்டோடு கட்டித் தேய்த்தது. குடும்பம் மறந்துவிட்ட விஷயங்களின் தொகுப்பாகத்தான் போர்வை உருவாகிறது. இந்த முடிவை இளைய தகவலாளரிடம் சொன்னேன். “அப்ப உங்க பழைய சட்டை ரெண்டையும் குடுங்க” என்றார். மறுத்துவிட்டேன், அவற்றில் கதை இருக்கிறது.

மீதிக் குறையைத் தீர்த்தவை ஜாக்கெட் பிட்டுகள். வரலட்சுமி நோன்பிலிருந்து வளைகாப்பு வரை வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கப்படும் 80 சென்டிமீட்டர் துணியைத் தமிழகத்தின் இணை நாணயம் என்றே கொள்ளலாம். வந்த வேகத்தில் அது அடுத்த விசேஷத்துக்குப் போகும். கொடுத்தவருக்கே திரும்பிப் போய்விடக்கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு. நல்ல நிறங்களை யாராவது வழியில் தைத்துக்கொண்டுவிடுவதால், நெடுநாள் சுற்றிக்கொண்டே இருப்பவை மெந்தியக் கலர், செங்கல் கலர், வெங்காயத்தோல் கலர் போன்றவையே. கெட்ட நாணயம் நல்ல நாணயத்தை விரட்டும் என்ற கிரஷாமின் பொருளாதார விதி எங்கள் பீரோவின் மேல்தட்டில் அப்பட்டமாகச் செயல்படுகிறது. போர்வைதான் அந்த நாணயத்தைப் புழக்கத்திலிருந்து எடுக்கும் ஒரே ரிசர்வ் வங்கி.

செவ்ரல் விதியும் அம்மா விதியும்

பாரிஸ் நகரின் கோபெலின் நெசவுச் சாலையில் சாயப் பிரிவுக்கு மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர் தலைவராக இருந்தார். கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்தார். சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் வைத்த நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். மனிதர் 102 வயதுவரை வாழ்ந்தார், அவசரமில்லை. என் தாயார் இதே விதியை ஒரே மூச்சில் சொன்னார்: “அந்த ராமர் பச்சையக் கொண்டுபோய் அது பக்கத்துல வச்சா, இது செத்துப் போகும்.”

துண்டுகளைச் சுற்றி வரும் பட்டைக்கு மட்டும் ஒரே நிறத் துணி வாங்க வேண்டியிருந்தது. எம்.எஸ். ப்ளூ என்று கேட்டதற்கு மேட்சிங் சென்டரில் நாலு நீலம் எடுத்துப் போட்டார்கள். டியூப்லைட்டில் நாலும் பொருந்தின. ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் வேறாகத் தெரிவதை மெட்டாமெரிசம் என்று அறிவியல் அழைக்கிறது. கடைப் பையன் “வாசலுக்கு வந்து பாருங்கக்கா” என்கிறான். வாசலில் ஒன்றுதான் பொருந்தியது.

இடையில் தாயாருக்குக் கண்புரை அறுவை நடந்தது ஆய்வுக்கு எதிர்பாராத கொடை. புரை விழுந்த கண்வில்லை பழுப்பேறி நீலத்தை வடிகட்டிவிடும். ஓவியர் மோனே 1923இல் அறுவை செய்துகொண்ட பிறகு நிறங்களோடு மல்லுக்கட்டியது கலை வரலாற்றில் பிரசித்தம். இங்கே பாதிப் போர்வை அறுவைக்கு முன், மீதி பின். கட்டுப் பிரித்து வந்தவர் தாம் தைத்த பகுதியை விரித்துப் பார்த்துவிட்டு, “இந்த ஊதாவ இங்க யாரு வச்சது?” என்று மருமகளைப் பார்த்தார். மருமகள் என்னைப் பார்த்தார்.

சாயம் பற்றி ஒரு சொல். 1960களில் அமெரிக்காவில் மெட்ராஸ் கட்டத் துணிச் சட்டைகளைச் சாயம் போகும் என்பதையே உத்தரவாதமாக விளம்பரம் செய்து விற்றார்கள். சிவப்புச் சுங்குடியோடு வெள்ளைத் துண்டை ஊறவைத்த எவரும் அந்த விளம்பரம் எழுதியவரைச் சந்திக்க விரும்புவார்கள். ஆகவே எல்லாத் துண்டும் முதலில் தனித்தனியாக நனைகின்றன. புதுத் துணி சுருங்க வேண்டிய அளவு அப்போதே சுருங்கிவிடட்டும் என்பது இன்னொரு காரணம், இல்லையென்றால் முதல் சலவையில் போர்வை முகம் சுளிக்கும். வாளியில் கல்லுப்பும் விழுகிறது. உப்பு சாயத் தொட்டியில் சாயத்தை நூலுக்குள் தள்ள உதவும், ஏற்கெனவே தோய்த்த துணியில் அதைக் கட்டிப்போடாது என்று இளைய தகவலாளர் எடுத்துச் சொன்னார். “சரி, அரைப்பிடி கொறச்சுப் போடுறேன்” என்று சமரசம் ஆயிற்று.

மின்விசிறிச் சோதனை

துண்டுகளைப் பரப்பிப் பார்க்க ஹால் தரையை விட்டால் இடமில்லை. பரப்பினால் மின்விசிறி போடக்கூடாது. ஆகவே நிறப் பொருத்தம் குறித்த எந்த விவாதமும் வியர்வை புருவத்தைத் தாண்டும் நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. உலகின் பல வடிவமைப்புகள் இந்த ஒரு காரணத்தால் முடிவாகியிருக்கலாம்.

பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்திய ஒரு நாளில் காலையிலேயே வேலை தொடங்கியது. மூத்தவர் கட்டம் கட்டமாக அடுக்கினார், இளையவர் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து எது அடர்த்தி, எது வெளிர் என்று சரிபார்த்தார். நீலமோ பச்சையோ, கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இரண்டும் பக்கத்தில் இருக்கக்கூடாதாம். நல்ல முறை. மதியம் சாப்பாடு ஆகி எல்லாத் துண்டும் இடத்தில் உட்கார்ந்தபோது கரண்ட் வந்தது. காலையில் சுவிட்சை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சோபா அடியிலும் டிவி மேசை அடியிலும் போனவை போக, நடுவில் ஒரு கொத்து மட்டும் புது வரிசையில் விழுந்து கிடந்தது. கத்திரிப்பூ நிறத்தை ஒட்டி மெந்தியக் கலர், அதன் மூலையில் வெளுத்த ரோஸ். யாரும் துணிந்து பக்கத்தில் வைத்திருக்க மாட்டார்கள்.

“அத்தை, அதத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்.”

குண்டூசி குத்தி அப்படியே தைத்தார்கள். மறுவாரம் பக்கத்து வீட்டு அம்மா அந்த இடத்தைத் தடவிப் பார்த்து அதிசயித்தபோது மூத்த தகவலாளர், “நாந்தான் ஒரு யோசனையா வச்சுப் பாத்தேன்” என்றார். விசிறி மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

அடித்துணிக்கு விவாதமே நடக்கவில்லை. கதையும் கிடையாது கிழிசலும் கிடையாது என்று ஒரு வெளுத்த இளஞ்சாம்பல் சேலை அகப்பட்டது, முழுசாக வைத்துத் தைத்தாயிற்று.

பின்னிணைப்பு

போர்வை பெங்களூர் போய்ச் சேர்ந்து, மகளின் அறையிலிருந்து படம் வந்தது. கட்டில் மேல் அழகாக விரித்திருந்தாள். இளஞ்சாம்பல் பக்கம் மேலே. கீழே ‘சூப்பர் பேஸ்டல், அப்பத்தா’ என்று எழுதி மூன்று இதயங்கள்.

மேல்முகத்தில் அழுக்குப் படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள் என்பது மூத்த தகவலாளரின் விளக்கம். இளைய தகவலாளர் வேறு விளக்கம் வைத்திருக்கிறார், அதை அத்தை இல்லாதபோது சொல்கிறார். தீபாவளிக்கு மகள் வரும்போது நேரில் கேட்டுத் தெளியலாம் என்று ஆய்வுக் குழு முடிவு செய்திருக்கிறது. யார் கேட்பது என்பது முடிவாகவில்லை.