ஸ்லைடு வீடியோவான கதை

மும்பை மாட்டுங்கா டியூஷன் வாத்தியாருக்குப் பாடம் தெரிந்தால் போதாது. ஸ்லைடை வீடியோவாக்க மென்பொருள் ஆராய்ச்சியும் வேண்டும். நல்ல முன்னேற்றம்!

திரையைப் பதியும் மென்பொருள்களில் பாண்டிகாம் காசில்லாமல் ஓடும். பதிலுக்குத் திரையின் உச்சியில் தன் பெயரைப் பச்சை குத்திவிட்டு, 10 நிமிடத்தில் கடையைச் சாத்தும். லூமின் இலவசக் கணக்கு இன்னும் சிக்கனம்: 5 நிமிடம். பித்தாகரஸுக்கு அதுவே தாராளம். ஓபிஎஸ் முழு இலவசம். சில லேப்டாப்பில் வெறும் கறுப்புத் திரையைப் பதிந்து தரும். மாணவர்கள் கண்ணை மூடித் தியானிக்கலாம். தாராவித் தகரக் கூரையில் கொட்டும் ஜூலை மழையையும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் எல்லா மென்பொருளும் பாரபட்சமின்றிப் பதிகின்றன.

ஒப்பிட்டு முடிப்பதற்குள் பரீட்சை வந்துவிட்டது.

ஸ்லைடை நேரே வீடியோவாக்கும் வசதி பவர்பாயிண்ட் 2010 பதிப்பிலேயே வந்தாயிற்று. தயவுசெய்து யாரும் வாத்தியாரிடம் சொல்லிவிடாதீர்கள்; அடுத்த பருவத்துக்கும் ஆராய்ச்சி பாக்கி இருக்கிறது.