நீலகிரியில் நாட்டுச் செடிச் சங்கம் நடத்துவது எப்படி?

முதலில் தலைவர். அவர் வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா இருக்கக் கூடாது என்று விதி போட்டால் ஊட்டியில் தலைவரே கிடைக்க மாட்டார். அந்த விதியை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். கூட்டத்துக்கு எந்த இடத்தைப் பிடித்தாலும் ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் வாட்டில் என்னும் சீகையும் பைனும்தான் நிற்கும். அவற்றைப் பார்த்துக்கொண்டே மண்ணின் மரங்களைப் பற்றிப் பேசப் பழகுங்கள்.

மாதம் ஒரு நடை வையுங்கள். நடை என்று பெயர்தானே தவிர யாரும் நடக்க மாட்டார்கள். சாலையோரத்து முதல் காசித்தும்பையிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். லென்ஸ் வைத்திருப்பவர் அடுத்த மரத்தைப் பார்த்து 'ரோடோடெண்ட்ரான் ஆர்போரியம், துணையினம் நீலகிரிக்கம்' என்று மூச்சு வாங்குவார். அருகில் விறகு சுமந்து போகும் பாட்டி, "காட்டுப்பூவரசுங்க அது" என்று சொல்லிவிட்டுப் போவார். பாட்டியை உறுப்பினராக்குங்கள், சந்தா கேட்காதீர்கள். நடை முடிந்ததும் எல்லோருக்கும் டீ கொடுங்கள். தேயிலை எந்த நாட்டுச் செடி என்று அப்போது யாராவது கிளப்பினால் செயலாளர் உடனே நன்றியுரை சொல்லிவிட வேண்டும்.

உண்மையான சோதனை சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று வரும். யாராவது ஒரு பெரிய மனிதர் நூறு மரக்கன்றுகளோடும் புகைப்படக்காரரோடும் வந்து, "சும்மா கிடக்குற புல்மேடு ஒண்ணு காட்டுங்க" என்பார். இங்கே சோலைக்காடு ஓடைப் பள்ளங்களில்தான் அடையும். திறந்த சரிவு புல்லுக்கு உரியது. அங்கே முளைக்கும் சோலை மரக்கன்றைப் பெரும்பாலும் உறைபனி கருக்கிவிடும். மழை நீரைப் பிடித்து, கோடையிலும் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதும் அந்தப் புல்மேடுதான். தோடர் கோயில்களுக்குக் கூரை வேய்வதும் இந்த மலைச் சதுப்பில் வளரும் புல்லால்தான். இதையெல்லாம் விளக்குங்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கன்னை எங்க வைக்கட்டும்?" என்பார். ஏதாவது பள்ளிக்கூட வாசலைக் காட்டுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களும் இதே கண்ணோடுதான் இந்தச் சரிவுகளைப் பார்த்தார்கள். குளிருக்கு விறகு வேண்டும், நிலம் வெறுமையாக இருக்கிறது என்று ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். தோல் பதனிடப் பட்டை, ரேயானுக்குக் கூழ் என்று பிற்பாடு நம் அரசும் தாராளமாக நட்டது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் திமுதிமுவென்று முளைக்கும். எனவே 'சீகை ஒழிப்பு முகாம்' பேனரில் தேதி அச்சிடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

நன்கொடை திரட்டுவதுதான் கடினம். புல் நட்ட இடத்துக்கு முன்-பின் படம் எடுத்தால் இரண்டிலும் புல்தான் தெரியும். யானையோ புலியோ உள்ள சங்கங்களுக்கு இந்தக் கவலை இல்லை. புல்லுக்கு இடையே பூச்சி தின்னும் பனித்துளிச் செடி இருந்தால் அதை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்புங்கள். மாமிசம் தின்கிறது என்றால் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது.

பத்திரிகைக்காரர்கள் ஆண்டுதோறும் தொலைபேசியில் அழைத்து, '12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி' பூத்துவிட்டதா என்பார்கள். குறிஞ்சியில் பல இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு என்பதைச் சொல்லுங்கள்; மறுநாள் செய்தியில் 12தான் இருக்கும். நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030. விழாக்குழுவை இப்போதே அமைத்துவிடுங்கள். யார் வரவேற்புரை, யார் தலைமை என்ற சண்டைக்கு அவ்வளவு அவகாசம் தேவைப்படும்.