பத்தாம் வகுப்புக்கு மாற்றுப்பாதை கிடையாது

ஒரு பள்ளிக் கட்டடத்தை இடிக்க எத்தனை பிணம் வேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமே இல்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகிய பிறகு கீற்றுக் கொட்டகைகள் கண்ணுக்குத் தெரிந்தன. நெல்லை சாஃப்டர் பள்ளியில் 2021 டிசம்பர் 17 அன்று கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்த பிறகு விரிசல் சுவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. உடனே ஊர் ஊராக ஜே.சி.பி. போனது. இடித்தார்கள், படம் எடுத்தார்கள், அறிக்கை அனுப்பினார்கள். அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் நாளைக்கு எங்கே உட்காருவார்கள் என்று கேட்கத்தான் ஆளில்லை. மரத்தடி, கோயில் மண்டபம், சமுதாயக்கூடம் என்று அவர்களே இடம் பார்த்துக்கொண்டார்கள். சாமர்த்தியசாலிப் பிள்ளைகள்.

காசு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2022-23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 5 ஆண்டு, 7,000 கோடி ரூபாய். ஐந்தாண்டு கோட்டைக்குச் சின்னக் கணக்கு. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண் பத்தாம் வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே போக அதே ஐந்தாண்டுதான் ஆகும். அவள் படிப்பு முழுக்கச் சாரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவில் முடிந்துவிடும். திறப்பு விழாவில் கைதட்ட அவள் தங்கையைக் கூப்பிடுவார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு வாருங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. வயல் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. பள்ளிக்கூடம் மட்டும் பழைய அளவிலேயே நிற்கும். நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்குவது ரொம்பச் சுலபம். பலகையில் ஒரு சொல்லை அழித்து இன்னொன்றை எழுத வேண்டும். அதற்கும் ஊர்க்காரர்களிடம் 1 லட்சம் ரூபாய் பங்குத்தொகை கட்டு என்று நெடுங்காலம் கேட்ட அரசு இது. பலகை மாறினால் வருகிற ஜூனில் ஒன்பதாம் வகுப்பு வந்துவிடும். அறை வராது.

வேலை நடக்கிற பள்ளி ஒன்றுக்குள் போய் நில்லுங்கள். (பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் விளக்கக் கடிதம் எழுதப்போவது தலைமையாசிரியர்தான்.) ஒரே அறையில் இரண்டு வகுப்பு, முதுகோடு முதுகு. இந்தப் பக்கம் இயற்கணிதம், அந்தப் பக்கம் இலக்கணம். ஜன்னலுக்கு வெளியே கலவை மெஷின் இரண்டு டீச்சரையும் ஜெயித்துக்கொண்டிருக்கும். மைதானத்தில் எம்-சாண்டும் ஜல்லியும். லேபில் சிமெண்ட் மூட்டை. புதிதாகப் போட்ட தளத்துக்குக் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவார்கள், இறுக வேண்டுமே. பத்தடி தள்ளி மாணவிகள் கழிப்பறையில் குழாய் காய்ந்து கிடக்கும். அந்தப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள். கான்கிரீட் விரிசல் விடாமல் பார்க்க இன்ஜினீயர் உண்டு. இந்தப் பெண்களின் சிறுநீரகத்தைப் பார்க்க எந்த டெண்டரில் ஆள் போட்டிருக்கிறீர்கள்?

ஆனால் பொதுத்தேர்வில் நூறு சதவீதம் தேர்ச்சி காட்ட வேண்டும். குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். காண்ட்ராக்டரை யாரும் நிற்கவைப்பதில்லை. அவருக்கு மேடையில் சால்வை.

இடைக்கால ஏற்பாடு செய்யத் தெரியாத ஊரா இது? பூந்தமல்லிக்கு மெட்ரோ தூண் நட்டபோது பார்த்தோமே. தடுப்பு, சிவப்பு விளக்கு, கொடி பிடித்த ஆள், ‘மாற்றுப்பாதையில் செல்லவும்’ பலகை. 63,246 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஒரு பைக்காரர் எப்படித் திரும்பிப் போவார் என்று யோசிக்க ஆள் இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை பைக்கும் ஓட்டுவதில்லை, ஓட்டும் போடுவதில்லை.

டெல்லி தன் பங்குக்கு, தன் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டின் கையெழுத்து இல்லை என்று 2024-25க்கான கல்வி நிதி 2,152 கோடியை நிறுத்திவைத்தது. கோட்டை டெல்லியைக் கைகாட்டும், டெல்லி கோட்டையைக் கைகாட்டும். தரையில் உட்கார்ந்து தொடைமேல் நோட்டை வைத்து எழுதுகிறவன் இரண்டு பேர் கண்ணிலும் படமாட்டான்.

இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அங்கிருந்து ரயில் ஏறினால் திருவள்ளூர் தாண்டிக் கடம்பத்தூர். காமராஜர் ஆட்சியில், 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்த ஊர். அந்த இயக்கத்தில் பெஞ்சும் கரும்பலகையும் ஊர்மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். இன்றைக்கு காமராஜருக்கு மாலையில் குறை வைப்பதில்லை. ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், பேச்சுப்போட்டி உண்டு. வராண்டாவில் உட்கார்ந்தே பேசிக்கொள்ளலாம்.

பாழடைந்த கட்டடம் இடியட்டும், இன்றே இடியட்டும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் நாற்காலி உங்களில் ஒருவருடையது. அடுத்த கூட்டத்தில் எஸ்டிமேட்டை வாங்கிப் பாருங்கள்: தற்காலிக வகுப்பறைக்கு எவ்வளவு, கழிப்பறைக்கு எவ்வளவு, குடிதண்ணீருக்கு எவ்வளவு? இந்த வருஷத்துப் பத்தாம் வகுப்பு எங்கே உட்காரும் என்று எழுதித் தரும்வரை, பூமிபூஜையில் ஒரு தேங்காய்கூட உடைக்க விடாதீர்கள்.