அணைந்த திரையின் ஆட்சி எல்லை: ஓர் ஆராய்ச்சி

இரு திரைகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, லினக்ஸ் இயங்குதளத்தின் தயவில் ஜீவனம் நடத்துகிறவன், அவற்றுள் ஒன்றை மாத்திரம் அணைக்க விரும்பினால் அணைய வேண்டியது எது, திரையா, அன்றித் திரையைப் பற்றிக் கணினி கொண்டுள்ள ஞானமா என்னும் வினாவைத் தத்துவ விசாரணை செய்யும் பெரியோர் இதுகாறும் தீண்டாமல் விட்டிருப்பது விசனிக்கத்தக்கது.

பூர்வபட்சமாக முதலில் கேட்க வேண்டியது பொத்தான்வாதிகளின் கட்சி. திரையின் கீழ்விளிம்பில் பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் இருள், அதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு என்பார்கள். ஆம்பூரில் காலணி ஏற்றுமதி அலுவலகமொன்றில் உத்தியோகம் பார்க்கும் என் நண்பர் இக்கட்சியைச் சார்ந்தவர். இடத்திரையில் ஜெர்மானிய பையரின் மின்னஞ்சலும், வலத்திரையில் 36 முதல் 42 வரை சைஸ் வாரியாக ஜோடிக் கணக்கும் விரித்திருந்தவர், பகலில் பிரியாணிப் பொட்டலம் மேசைக்கு வந்ததும், வெளிச்சம் கண்ணை உறுத்துகிறதென்று வலத்திரையின் பொத்தானை அமுக்கினார். பிற்பாடு கால்குலேட்டரைத் திறந்தார். திறந்தது, ஆனால் காணோம். அம்புக்குறியைத் தேடினார், அது இடத்திரையின் ஓரத்தைத் தாண்டி இருளுக்குள் புகுந்து, அங்கேயே சாவகாசமாக உலவிக்கொண்டிருந்தது. திரை அணைந்ததேயன்றி அதன் பூமி அணையவில்லை என்பது இதனால் பெறப்படும்.

இவ்வூர் மண்ணுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. 1749-இல் ஆம்பூர்ப் போர்க்களத்தில் கர்நாடக நவாபு அன்வருத்தீன் கான் மாண்டார். ஆயினும் அவர் குமாரர் முகம்மதலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் புகுந்துகொண்டு பட்டத்துக்கு உரிமை கொண்டாட, அதே பட்டத்தைக் கோரிய சந்தா சாகிபுடன் நேர்ந்த வியாஜ்ஜியம் பிரெஞ்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. களத்தில் ஆள் சாய்ந்தார், பாத்தியதை சாயவில்லை.

கறுப்புப் பூச்சுவாதிகள் என்றொரு கூட்டம் உண்டு. இவர்கள் ஒளிர்வைப் பூஜ்யமாக்கிக் கட்டளையிட்டுவிட்டு வெற்றி முழங்குவார்கள். பின்னொளி விளக்கோ உள்ளே எரிந்துகொண்டே மின்சாரக் கட்டணத்துக்குத் தன் பங்கைச் செலுத்திவரும். 'எக்ஸ்செட்' என்னும் கட்டளையை ஏவுவோர் இன்னும் பரிதாபத்துக்குரியவர்கள்: அது இரு திரைகளையும் ஒருங்கே உறங்கவைக்கும், சுட்டெலி இம்மியளவு அசைந்தால் இரண்டையும் ஒருங்கே எழுப்பிவிடும். கேபிளைப் பிடுங்குவோரைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை.

சித்தாந்தம் 2007-இல் பிறந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984-இல் உதயமான எக்ஸ் சாளர அமைப்புக்கு அவ்வாண்டு வந்த ரேண்டர் 1.2 நீட்சியானது, ஒவ்வொரு வெளியீட்டுத் துவாரத்தையும் பெயர் சொல்லி அழைத்துத் தனித்தனியே ஆளும் அதிகாரத்தைச் சாமானியனுக்கு அளித்தது. 'எக்ஸ்ரேண்டர்' என்றெழுதி, '--அவுட்புட்' என்பதற்குப் பின் துவாரத்தின் நாமதேயத்தைக் குறித்து, '--ஆஃப்' என முடித்தால், அத்திரைக்குச் செல்லும் சமிக்ஞை நிற்கும், மேசைப்பரப்பு எஞ்சியதன் அளவுக்குச் சுருங்கும், அம்புக்குறிக்கு அப்பால் போக வழியிராது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டு ராஜ்யத்தில் இந்தச் சாசனம் செல்லாது. அங்கே க்னோம் மேசைச்சூழலின் அமைப்புகளில் உள்ள 'திரைகள்' பக்கத்தையோ, கேடிஇ மேசைச்சூழலின் 'கேஸ்கிரீன்-டாக்டர்' என்னும் வைத்தியரையோ அண்ட வேண்டும்.

துவாரத்தின் பெயரைப் பிசகி எழுதுவோர், வேண்டிய திரையை இழந்து வேண்டாததன் முன் திகைத்து அமர்வர். ஆகையால் எச்சரிக்கையுள்ளோர் கட்டளையின் வாலில் அரைப்புள்ளியிட்டு 'ஸ்லீப் 15' என்றும், மறுபடி அரைப்புள்ளியிட்டு 'எக்ஸ்ரேண்டர் --ஆட்டோ' என்றும் சேர்த்தெழுதுகின்றனர். அவகாசம் கழிந்ததும் இரு திரைகளும் தாமே விழித்துக்கொள்ளும், சிற்சில வேளை பழைய வரிசையை மறந்து ஒரே காட்சியை இரண்டிலும் காட்டியபடி. 15 விநாடி எற்றுக்கு, 10 ஏன் ஆகாது என்பது தனி வியாசத்துக்குரிய விஷயம்.