விருந்து வைத்து வாயடைப்பது எப்படி?

ஜொகூர் பாருவில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தட்டில் இடியாப்பமும் கோழிப் பிரட்டலும் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாம் கலந்து ஒரே இரைச்சல். இது உங்களுக்குச் சரிப்படாது. அதனால்தான் நீங்கள் கருப்பொருள் விருந்து நடத்துகிறீர்கள்: ஒரு மேசை, ஒரு தலைப்பு, முன்பின் அறியாத பன்னிரண்டு பேர், அர்த்தமுள்ள உரையாடல். ஏற்கெனவே நன்றாகத்தான் செய்கிறீர்கள். இன்னும் கச்சிதமாகச் செய்ய இதோ வழி.

1. வெள்ளிக்கிழமை மாலையைப் பிடியுங்கள். 2014 முதல் பதினோரு வருஷம் ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்ததால் ஆட்கள் ஓய்வாக வந்து தொலைத்தார்கள். 2025 ஜனவரியில் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது நமக்கு நல்லதாகப் போயிற்று. இப்போது சிங்கப்பூரில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வருகிறவரை, 1924-இல் அதிகாரபூர்வமாகத் திறந்த அந்த ஒரு கிலோமீட்டர் எல்லைப் பாலத்தின் நெரிசலே பக்குவப்படுத்தி அனுப்பும். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கேளுங்கள்: "வாழ்க்கையில் உங்களுக்கு உண்மையான நிறைவு தந்தது எது?"

2. அழைப்பிதழில் ஏழேகால் மணி என்று போடுங்கள். மக்ரிப் தொழுகை நேரம் கிட்டத்தட்ட அதுதான். முஸ்லிம் விருந்தினர் எங்கே தொழுவது என்று கேட்கக் கூச்சப்படுவார். படட்டும்.

3. சாப்பாட்டுக்கு ஜொகூர் லக்சா. மீனை அரைத்துக் கரைத்த குழம்பு. வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவர்கள் வெள்ளரித் துண்டைக் கடித்துக்கொண்டு மற்றவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். ஸ்பெகெட்டியில் செய்யும் இந்த லக்சாவைக் கையால் பிசைந்து சாப்பிடுவது இங்கே பழைய வழக்கம். அனுமதிக்காதீர்கள். விரலை நக்கத் தொடங்கிவிட்டால் மனிதர்கள் சீக்கிரம் சகஜமாகிவிடுவார்கள். முள்கரண்டி வையுங்கள்.

4. தலைப்பு: "தோட்டத்து நினைவலைகள்". ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகளை வாங்கி உள்ளே பேட்டரி மெழுகுவத்தி வையுங்கள். பால் வாளி சுமக்கும் காண்டா கம்பைச் சுவரில் மாட்டுங்கள். மூலையில் தோட்டத்துக் கள்ளுக்கடை போல "தவரணை" என்று பலகை தொங்கவிட்டு அதில் இளநீர் கொடுங்கள். நீங்கள் குடியிருக்கும் தாமானே ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்திருக்கலாம். அங்கிருந்த லயத்துக்காரர்கள் எங்கே போனார்கள் என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது. நினைவலை என்றால் இதமாக இருக்க வேண்டும்.

5. "எந்தத் தோட்டம்?" என்ற கேள்விக்குத் தடை போடுங்கள். இதுதான் மிக முக்கியம். மலேசியத் தமிழரில் இரண்டு பெரியவர்களை எங்கே உட்கார வைத்தாலும் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்தது தோட்டம். குளுவாங்கா, லாபிஸா, கூலாயா என்று போகும். அந்தத் தோட்டத்தில் கிராணி யார், பள்ளிக்கூட வாத்தியார் யார் என்று வரும். மூன்றாவது நிமிஷம் இவருடைய சித்தப்பாவும் அவருடைய மாமாவும் ஒரே அணியில் பந்து விளையாடியவர்களாகி இருப்பார்கள். அதோடு அந்நியர் தீர்ந்தார். உங்கள் விருந்துக்கு வேலை இல்லை. "வெட்டிப் பேச்சுக்கு இங்கே இடமில்லை" என்று மேசையில் அட்டை வைத்துவிடுங்கள்.

6. அதற்குப் பதில் விஞ்ஞானம். 1997-இல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் அவருடைய குழுவினரும் 36 கேள்விகள் வெளியிட்டார்கள். அந்நியர் இருவர் இருவராக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்விகள் லேசாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று ஆழமாகும். அந்தப் படிப்படியான போக்கில்தான் சூட்சுமமே. எனவே கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். குடும்பத்தில் யாருடைய சாவு உங்களை அதிகம் உலுக்கும் என்பது போன்ற கேள்வியைத் தண்ணீர் ஊற்றும்போதே கேளுங்கள். பன்னிரண்டு பேர் காதிலும் விழும்படி, மைக்கில்.

7. ஆக்ஸ்ஃபர்டில் தியோடோர் ஸெல்டின் என்ற வரலாற்றாசிரியர் அந்நியர்களுக்கு விருந்து வைத்து, உணவுப் பட்டியல் போலவே பேச்சுக்கும் ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுத்தார். அச்சடிப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டு பேராக நிதானமாகப் பேசவிடும் அந்தப் பகுதி நமக்கு வேண்டாம். அவர்கள் பேசும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

8. இத்தனைக்கும் பிறகு ஆபத்து ஒன்று உண்டு. விருந்தினரில் ஒரு பாட்டி நிஜமாகவே பால்மரம் வெட்டியவராக இருப்பார். மெழுகுவத்தியை வெளியே எடுத்து வைத்துவிட்டு மங்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு பக்கத்துச் சீனரிடம் பசார் மலாயில் ஆரம்பிப்பார்: விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, நெற்றியில் விளக்கு, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே நிரைக்கு ஓட்டம். பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், கத்தி மரத்தில் பட்டால் தண்டல் எப்படித் திட்டுவார் என்று முள்கரண்டியால் மேசை ஓரத்தில் கீறியே காட்டுவார். சீனர் தன் அப்பா ரப்பர் சீட்டு வாங்கி விற்ற கதையைத் தொடங்குவார். மேசை முழுவதும் கழுத்தை நீட்டும்.

உடனே பாயுங்கள். "பாட்டி, ஒரு நிமிஷம், அது மூன்றாம் சுற்றுக்கு." மங்கை அவர் கையில் கொடுத்து நிறுத்தி வைத்துப் படம் எடுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள். பிறகு புதிர்ப் போட்டி: மலாயாவுக்கு ரப்பர் நாற்று வந்த ஆண்டு எது? பாட்டிக்குத் தெரியாது. 1877. பரிசை, விடை சொன்ன வங்கி ஊழியருக்குக் கொடுங்கள்.

9. பாத்திரம் கழுவ யாரையும் விடாதீர்கள்.

10. நம்மவர்கள் விடைபெற்ற பிறகு கேட்டருகே நின்றுதான் அரை மணி நேரம் நிஜமாகப் பேசுவார்கள். வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். அதற்கும் அடங்காமல் பாட்டியும் சீனரும் நம்பர் மாற்றிக்கொள்ளப் போனால் தடுக்க வேண்டாம், அநாகரிகம். "நானே எல்லாரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறேன், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புங்கள். அன்றிரவே சேர்த்துவிடுங்கள். அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று அமைப்பை மாற்றிவிட்டு, உங்கள் படங்கள் நாற்பதையும் போடுங்கள்.